உயர் நீதிமன்றமும் குடிமக்கள் உரிமையும்

சென்ற தவணையில் உயர்தர வகுப்புக்குக் கட்டுரைப் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, உயர் நீதிமன்றம் பெரிதா, உச்ச நீதிமன்றம் பெரிதா?" என்று வினவினான். வகுப்பு நகைத்தது. நாம் நகைத்தோமில்லை, வினா நியாயமானது. தமிழகத்துப் பத்திரிகைகளில் இந்திய நாட்டின் முடிவான நீதிமன்றம் உச்ச நீதிமன்றம் எனப்படும். மாநிலங்களுக்குரியதாய் அதன்கீழ் அமைந்தது உயர் நீதிமன்றம். நமது நாட்டு அரசியலமைப்பின் தமிழ்ப் பிரதியிலோ தலையாய நீதிமன்றமே உயர் நீதிமன்றம். அதன்கீழ் மேன்முறையீட்டு நீதிமன்றமும், அதற்குங் கீழே மேல் நீதிமன்றமும் உள. 'மேல்' என்பது கீழே நிற்கும் இவ்விந்தைக்குச் சொல்லாக்கஞ் செய்த பெரியோர் என்ன காரணங் கொண்டனரோ! எதுவாயினும், ஒரே செய்தியை இருகரைப் பத்திரிகைகளிலும் வாசிக்கும் மாணவன் மயங்குவதிற் குற்றமில்லை.

அவ்வினாவுக்கு விடை கூறியபின், "அந்நீதிமன்றம் செய்யும் வேலை யாது?" என்று நாம் திருப்பிக் கேட்டோம். "கொலை வழக்கு விசாரிப்பது" என்றான் ஒருவன். "காணி வழக்கு" என்றான் மற்றொருவன். வகுப்பில் இருந்த முப்பதின்மருள் ஒருவனேனும், 'அரசு செய்தது முறையா என்று அரசையே கேட்பது' எனக் கூறினானில்லை. விழா மலருக்குக் கட்டுரை வேண்டுமென மலர்க்குழுவினர் வந்து கேட்டபோது, இலக்கியப் பொருளொன்றை எழுதுவதாகவே முதலில் எண்ணியிருந்தோம். அன்றைய வகுப்பு நமது எண்ணத்தை மாற்றிவிட்டது.

நாம் சட்டம் பயின்றோமல்லோம்; பயிற்றப்பட்ட தமிழாசிரியராகவே காலங் கழித்து வருகின்றோம். ஆயினும், தீர்ப்பெழுதுதல் என்பது பெரும்பாலும் சொல்லுக்குப் பொருள் காணும் வேலையே. தொல்காப்பிய நூற்பா ஒன்றனுக்கு இளம்பூரணர் ஒருபொருள் கூற, நச்சினார்க்கினியர் வேறுபொருள் கூறுவதை நாம் வகுப்பிலே காட்டுகின்றோம். அரசியலமைப்பும் அத்தகையதே, சில சொற்களாலான நூற்பாக்களும், அவற்றின்மேல் தலைமுறைதோறும் எழுந்த உரைகளுமாகும். ஒரு வேறுபாடு உண்டு. நச்சினார்க்கினியர் பிழைபட உரைத்தாலும் எவரும் சிறைபுகுவதில்லை.

நமது உயர் நீதிமன்றம் 1801ஆம் ஆண்டுச் சாசனத்தால் நிறுவப்பட்டது. அது அந்நியர் ஆட்சிக்கு அமைந்த மன்றமே. எனினும், அவ்வாட்சியின் தலைவரையே அது தடுத்து நிறுத்திய ஒரு நாள் உண்டு. அதிலிருந்து தொடங்குதல் தகும்.

மார்க் அந்தனி பிரேஸ்கேடில் என்னும் இளைஞர் 1936இல் அவுஸ்திரேலியாவிலிருந்து இலங்கைக்கு வந்து, மடுல்கலையில் ஒரு தேயிலைத் தோட்டத்திலே வேலை பழகும் துரையாகச் சேர்ந்தார். தோட்டத் தொழிலாளரின் நிலையைக் கண்டு மனம் பொறாது, லங்கா சமசமாசக் கட்சியினரோடு சேர்ந்து மேடையேறிப் பேசத் தலைப்பட்டார். வெள்ளைத் துரை ஒருவரே தொழிலாளர் பக்கம் நின்று பேசுவதைத் தோட்டத்துரைமார் எங்ஙனம் பொறுப்பர்? 1937 ஏப்பிரில் 22ஆந் தேதி, நாற்பத்தெட்டு மணி நேரத்துள் நாட்டை விட்டு நீங்குமாறு அவருக்கு ஓர் ஆணை கையளிக்கப்பட்டது. ஆணையிட்டவர் தேசாதிபதி சேர் ரெஜினால்ட் ஸ்டப்ஸ். அமைச்சரை அவர் கேட்கவில்லை. அரசாங்க சபையையும் கேட்கவில்லை. 1896ஆம் ஆண்டுக் கட்டளை ஒன்று அவர் கையிலிருந்தது.

பிரேஸ்கேடில் நீங்கவில்லை, மறைந்தார். சில நாட் கழித்துக் காலிமுகத் திடலிலே பெருங்கூட்டத்தின் நடுவே மேடையில் தோன்றினார். பின்னர் அவர் பிடிபட்டபோது, ஆட்கொணர்வு எழுத்தாணை வேண்டி உயர் நீதிமன்றத்துக்கு மனுச் செய்யப்பட்டது. அவர் பொருட்டு வாதித்தவர் புகழ்பெற்ற அப்புக்காத்து எச். வீ. பெரேரா. பிரதம நீதியரசர் சேர் சிட்னி ஏபிரகாம்சும் வேறிரு நீதியரசரும் விசாரித்து, மே 18ஆந் தேதி தீர்ப்பளித்தனர். 1896ஆம் ஆண்டுக் கட்டளை போர், கலகம் முதலான நெருக்கடிக் காலத்துக்கென அமைந்தது. அமைதியான காலத்தில், ஆட்சியாளருக்குப் பிடிக்காத சொற்பொழிவு நிகழ்த்தினார் என்பதற்காக ஒருவரை நாடு கடத்த அது தேசாதிபதிக்கு அதிகாரம் அளிக்கவில்லை என்பதே அத்தீர்ப்பின் சாரம். பிரேஸ்கேடில் விடுவிக்கப்பட்டார்.

இவ்வழக்கை நாம் விரித்துக் கூறியதற்குக் காரணம் உண்டு. அக்காலத்தில் இந்நாட்டிலே 'அடிப்படை உரிமை' என்று எழுதப்பட்ட சட்டம் ஒன்றும் இல்லை. நீதியரசர் கேட்டது ஒரே கேள்வி: 'உமது கையிலிருக்கும் அதிகாரம் இச்சந்தர்ப்பத்துக்குத் தரப்பட்டதா?' அவ்வொரு கேள்வியே தேசாதிபதியைத் தடுத்தது. இதே கேள்வி எண்பத்தோராண்டு கழித்து மீண்டும் வரும். அதனைப் பின்னர்க் காண்போம்.

சுதந்திர இலங்கைக்குச் சோல்பரி அரசியலமைப்பு வாய்த்தது. அதன் 29ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவை நமது மூத்த பழைய மாணவர் பலர் மனப்பாடமாகவே அறிவர். எந்த இனத்தவரையோ மதத்தவரையோ மற்றையோருக்கில்லாத இயலாமைக்கு ஆளாக்குஞ் சட்டத்தைப் பாராளுமன்றம் ஆக்கலாகாது என்பதும், அவ்வாறு ஆக்கினால் அது அந்த அளவுக்கு வறிதாகும் என்பதும் அப்பிரிவின் பொருள். சிறுபான்மையோருக்கு அதுவே வேலி எனச் சொல்லப்பட்டது. வேலி எத்துணை வலியது என்பது ஆடு பாய்ந்தபோதுதான் தெரியும்.

முதலாவது சோதனை மலைநாட்டிலிருந்து வந்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டமும், 1949ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கத் தேர்தற் திருத்தச் சட்டமும் சேர்ந்து, இந்திய வமிசாவளித் தமிழரிற் பெரும்பாலாரை வாக்காளர் இடாப்பிலிருந்து நீக்கின. 1947இல் இலங்கை இந்தியக் காங்கிரசின் உறுப்பினர் எழுவர் பாராளுமன்றஞ் சென்றனர், 1952இல் ஒருவருமில்லர். கோடக்கன்பிள்ளை என்பார் தம் பெயரை இடாப்பிற் சேர்க்குமாறு கேட்டார். இடாப்பை மீளாய்வு செய்த உத்தியோகத்தர், அச்சட்டங்கள் 29ஆம் பிரிவுக்கு மாறானவை எனத் துணிந்து அவர் சார்பாகவே முடிவு செய்தார். அரச சேவையிலிருந்த ஓர் உத்தியோகத்தர் அரசின் சட்டமே செல்லாது எனத் தீர்மானித்தது, அக்காலத்து நிலையை எண்ணும்போது, சிறு துணிவன்று. 1951இல் உயர் நீதிமன்றம் அம்முடிவை மாற்றியது. 1953இல் இலண்டனிலிருந்த கோமறைக் கழகமும் உயர் நீதிமன்றத்தின் பக்கமே நின்றது. தன் பிரசைகள் யாவர் என வகுத்தல் ஒரு நாட்டுக்கு இயல்பான அதிகாரம். குறித்த ஓர் இனத்தவரை அவ்வாறே பெயர் சுட்டி விலக்கியதாகச் சட்டத்தில் இல்லை. பிரசாவுரிமை பெறுதற்கு வேறொரு சட்டம் வழி திறந்துமிருக்கின்றது என்றெல்லாம் கழகத்தார் கூறினர்.

சொல்லைப் பார்த்தனர், சொல்லினால் விளைந்ததைப் பார்த்தாரில்லை என்பதே நமது கருத்து. மாணவருக்கு இதனைக் குறிப்புப் பொருள் பற்றிய பாடத்திலே நாம் உதாரணமாகக் காட்டுவதுண்டு. வெளிப்படையாகக் கூறாதது கூறப்படாததாகுமா? விலக்கப்பட்டோரின் வழித்தோன்றல்களுட் பிரசாவுரிமையின்றி எஞ்சியோருக்கு அவ்வுரிமையை முற்றாக வழங்கும் சட்டம் 2003இலேயே வந்தது. ஒரு தீர்ப்பின் நிழல் அரை நூற்றாண்டு நீண்டது.

இனி, ஆசிரியராகிய நமக்கு மிக அண்மையதான வழக்கொன்றைக் கூறுவோம். 1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டம் சிங்களத்தை மாத்திரம் அரசகரும மொழியாக்கியது. 1961 திசெம்பரில் திறைசேரி ஒரு சுற்றறிக்கை விடுத்தது, 560ஆம் இலக்கத்தது. குறித்த சிங்களத் தேர்ச்சிப் பரீட்சையிற் சித்தியடையாத உத்தியோகத்தருக்கு வருடாந்தச் சம்பள ஏற்றம் இல்லை என்றது அது. கோடீஸ்வரன் என்னும் எழுதுவினைஞர் அப்பரீட்சைக்குத் தோற்றவில்லை. 1962 ஏப்பிரிலில் அவருக்கு வரவேண்டிய சம்பள ஏற்றம் நிறுத்தப்பட்டது.

மாதத்துக்குச் சில ரூபாக் காசு. அதனை விட்டுவிட்டுப் பரீட்சையை எழுதித் தொலைத்தவர் ஆயிரவர். அவர்களைக் குறை கூற நமக்கு உரிமையில்லை, பிள்ளைகுட்டிக்காரர்கள். கோடீஸ்வரன் கொழும்பு மாவட்ட நீதிமன்றத்திலே சட்டமா அதிபர்மேல் வழக்கு வைத்தார். வழக்கின் பெறுமதி சிறிது. வழக்கின் கேள்வியோ பெரிது. சிங்களம் மட்டும் சட்டம் 29ஆம் பிரிவுக்கு மாறானதா? 1964இல் மாவட்ட நீதிபதி ஓ. எல். டி கிறெற்சர், 'ஆம், மாறானது. ஆகவே செல்லாது' எனத் தீர்ப்பளித்தார். சிங்களமும் பேசாத, தமிழும் பேசாத பறங்கியர் குலத்து நீதிபதி என்று சிலர் அக்காலத்திற் பேசிக்கொண்டனராம். நீதிக்குத் தாய்மொழி எதுவாயின் என்ன?

அரசு மேன்முறையீடு செய்தது. 1967இல் உயர் நீதிமன்றம் மொழிக் கேள்வியைத் தொடவேயில்லை. அரசாங்க உத்தியோகத்தர் தம் சம்பளத்துக்காக முடிமேல் வழக்குத் தொடர முடியாது. ஆகவே வழக்கே இல்லை என்று வாயிலிலேயே நிறுத்திவிட்டது. கோடீஸ்வரன் கோமறைக் கழகத்துக்குப் போனார். 1969 திசெம்பரில் டிப்லொக் பிரபு வழங்கிய தீர்ப்பு, உத்தியோகத்தர் சம்பளத்துக்கு வழக்காடலாம் என்று உயர் நீதிமன்றத்தின் முடிவைத் தள்ளியது. பின்? மொழிச் சட்டம் செல்லுமா என்னும் பெருங்கேள்வியை முதலில் உயர் நீதிமன்றமே ஆராய்க எனத் திருப்பி அனுப்பியது.

அதற்குள் காலம் புரண்டது. 1971இல் கோமறைக் கழகத்துக்கு மேன்முறையீடு செய்யும் வழி சட்டத்தால் அடைக்கப்பட்டது. 1972 மே 22ஆந் தேதி புதிய குடியரசு அரசியலமைப்பு வந்தது. 29ஆம் பிரிவு போயிற்று. கேள்விக்கு விடை வரவேயில்லை. பரீட்சைத் தாளிலே வினாவைப் பாதியில் அழித்துவிட்டால் மாணவன் என் செய்வான்? பதினைந்து ஆண்டு கழித்து, 1987இன் பதின்மூன்றாந் திருத்தம் 'தமிழும் அரசகரும மொழியாதல் வேண்டும்' என எழுதியது. அது பாராளுமன்றம் தந்த விடை. அதற்குள் நாடு எவ்வளவு குருதி சிந்திவிட்டது! நீதிமன்றம் உரிய காலத்தில் விடை தந்திருப்பின் வரலாறு வேறாயிருக்கும் என்று அறுதியிட்டுக் கூற நாம் துணியோம். ஆனால் கேட்ட கேள்விக்கு விடை பெறும் உரிமை அவ்வெழுதுவினைஞருக்கு இருந்தது.

அதே காலத்து மற்றுமொரு வழக்கு முற்றிலும் வேறு வகையாக முடிந்தது. 1962 சனவரியில் இராணுவ, பொலிசு உயர் உத்தியோகத்தர் சிலர் ஆட்சியைக் கவிழ்க்கச் சூழ்ந்தனர் எனக் குற்றஞ்சாட்டப்பட்டது. அரசு அவர்களுக்கென்றே ஒரு சட்டத்தைப் பின்னர் ஆக்கி, அதனை முற்பட்ட நாளிலிருந்து செல்லுபடியாக்கியது. நடந்துவிட்ட தடுத்துவைப்பைச் சட்டமுறையானதாக்கி, முன்னர் ஏற்கப்படாத சாட்சியத்தை ஏற்கச் செய்து, குறைந்த தண்டனை பத்தாண்டு எனவும் விதித்தது. விசாரிக்கும் நீதியரசர் மூவரை நீதி அமைச்சரே நியமிக்கலாம் எனவும் இருந்தது. அவ்வாறு நியமிக்கப்பட்ட ரி. எஸ். பெர்னாண்டோ, எல். பி. டி சில்வா, ஸ்ரீஸ்கந்தராசா ஆகிய மூவரும் ஆசனத்தில் அமர்ந்து முதற்காரியமாகச் செய்தது, 'அமைச்சர் எம்மை நியமித்தது செல்லாது' என்று தாமே தீர்ப்பளித்ததாகும். தமக்குத் தரப்பட்ட ஆசனத்தைத் தாமே மறுத்தல் எளிதா? பின்னர் வேறு மன்று விசாரித்துப் பதினொருவரைக் குற்றவாளிகளாகக் கண்டது. 1965 திசெம்பரில் கோமறைக் கழகம் அவர்களை விடுதலை செய்தது. நீதி வழங்கும் அதிகாரம் நீதிபதிகளுக்கே உரியது. குறித்த சிலரைக் குறித்த குற்றத்துக்காகத் தண்டிக்கவென ஆக்கிய சட்டத்தின் மூலம் பாராளுமன்றம் அவ்வதிகாரத்துள் நுழைய முடியாது என்றது.

'அதிகாரப் பிரிவினை' என்னும் இக்கொள்கை மாணவருக்கு வறட்டுச் சொல்லாகத் தோன்றும். கோவலன் கதையை நினைவூட்டினால் உடனே விளங்கிவிடும். பொற்கொல்லன் முறையிட்டான், பாண்டியன் கேட்டான், அவ்விடத்திலேயே கொல்ல ஏவினான். முறைப்பாட்டை ஏற்றவனும் தீர்ப்பளித்தவனும் தண்டித்தவனும் ஒருவனே. கோவலனை ஒரு வார்த்தை கேட்டார் யார்? கண்ணகி சிலம்பை உடைத்துக் காட்டியபோது உண்மை தெரிந்தது, உயிர் மீளவில்லை. நமது இன்றைய அரசியலமைப்பின் 13ஆம் உறுப்புரை, தகுதிவாய்ந்த நீதிமன்றத்தின் கட்டளையின்றி எவருக்கும் மரண தண்டனையோ சிறைத் தண்டனையோ விதிக்கலாகாது என்கின்றது.

1972ஆம் ஆண்டு அரசியலமைப்பை விரைந்து கடப்போம். அதில் அடிப்படை உரிமைகள் எழுதப்பட்டன. அவற்றை எளிதிற் பெறும் வழி எழுதப்படவில்லை. பூட்டு இருந்தது, திறப்பு இல்லை. 1978 செத்தெம்பர் முதல் நடைமுறையிலுள்ள இப்போதைய அரசியலமைப்பே திறப்பைத் தந்தது. அது 126ஆம் உறுப்புரை.

இதனை மாணவர் ஊன்றிப் படித்தல் வேண்டும். நிறைவேற்றுத் துறையினதோ ஆட்சித் துறையினதோ செயலால் தம் அடிப்படை உரிமை மீறப்பட்டது, அல்லது மீறப்படவிருக்கின்றது எனக் கருதும் ஒருவர், படிப்படியாகக் கீழ் மன்றங்களில் ஏறாது நேரே உயர் நீதிமன்றத்துக்கு மனுச் செய்யலாம். காலம் ஒரு மாதம். அவ்வொரு மாதத்துள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், அங்கே விசாரணை நடக்குங் காலம் கணக்கில் எடுக்கப்படாது. ஒரு மாதம் என்பது மறியலில் அடைபட்டிருப்பவனுக்கு ஒரு கணம். இவ்விதி கடுமையானது என்பதே நமது எண்ணம். மற்றொரு குறையும் உண்டு. பாராளுமன்றம் நிறைவேற்றிச் சபாநாயகர் சான்றுரை எழுதிய சட்டத்தை எந்த நீதிமன்றமும் பின்னர் வினாவ முடியாது. மசோதாவாக இருக்கும்போதே, பாராளுமன்ற ஒழுங்குப் பத்திரத்தில் இடம்பெற்றுக் குறித்த காலத்துக்குள் எந்தப் பிரசையும் மனுச் செய்தல் வேண்டும். வர்த்தமானியை நம்மில் எத்தனைபேர் வாசிக்கின்றோம்? பதவி வெற்றிடம் பார்ப்பதற்கன்றி அதனை விரிப்பாரைக் காணோம்.

இத்திறப்பினாற் சில கதவுகள் நன்றாகவே திறந்தன. 1992 யூலை முதலாந் தேதி எதிர்க்கட்சியினர் 'ஜன கோஷ' என்று ஓர் எதிர்ப்பு நடத்தினர். மணியடித்தும் பறை முழக்கியும் ஊதுகுழல் ஒலித்தும் மக்கள் தம் வெறுப்பைக் காட்டுதல் அதன் முறை. மேளம் முழக்கியவரைப் பொலிசார் தடுத்தனர். மேளவொலி பேச்சாகுமா? ஆகும் என்றார் நீதியரசர் மார்க் பெர்னாண்டோ. ஆட்சியைக் குறைகூறுதல் பேச்சுரிமையின் பகுதி. அமைதியான எதிர்ப்பை இன்று அடக்கினால் அது நாளை வன்முறையாக வெடிக்கும் என்று எச்சரிக்கவும் செய்தார். வாய்பேசாத பறையும் ஒரு மொழியே என்பது தமிழருக்குப் புதிதன்று. போர்ப்பறை வேறு, சாப்பறை வேறு என்று நம் முன்னோர் பிரித்தறிந்தனர். சட்டத்துக்கு அது 1993இலேயே தெரிந்தது.

1995இல் வானொலியின் முறைசாராக் கல்வி நிகழ்ச்சியொன்று திடீரென நிறுத்தப்பட்டது. அதனை ஒழுங்காகக் கேட்டும் அதிற் பங்குபற்றியும் வந்த நேயர் ஒருவர் மனுச் செய்தார். அடுத்த ஆண்டிலே, பங்குகொள்ளும் நேயருக்கும் பேச்சுரிமை உண்டு எனத் தீர்ப்பாயிற்று. 1998இல் ஐந்து மாகாண சபைகளின் தேர்தல் அவசரகால ஒழுங்குவிதியால் நிறுத்தப்பட்டபோது, வாக்களித்தலும் கருத்து வெளியிடுதலேயாம் என்று கூறித் தேர்தலை நடத்துமாறு மன்றம் பணித்தது. காவலில் மாண்ட ஒருவரின் மனைவி செய்த மனுவில், 2003ஆம் ஆண்டு, அரசியலமைப்பிலே நேராக எழுதப்படாத உயிர்வாழும் உரிமையையும் மேலே கூறிய 13ஆம் உறுப்புரையிலிருந்தே மன்றம் வருவித்துக்கொண்டது. நீதிமன்றக் கட்டளையின்றி உயிரைப் பறிக்கலாகாது எனின், உயிர்வாழ உரிமை உண்டு என்பது தானே போதரும். எழுதாத பொருளை எழுதிய சொல்லிலிருந்து வருவித்தலை நாம் இலக்கணத்திலே 'இசையெச்சம்' என்போம். கோடக்கன்பிள்ளைக்கு மறுக்கப்பட்ட உரைமுறை இவ்வம்மையாருக்கு வாய்த்தது.

இத்தனையும் கேட்டு, அம்மன்றம் எந்நாளும் எளியார் பக்கமே நின்றது என எவரும் எண்ணிவிடலாகாது. நல்லரத்தினம் சிங்கராசா என்பார் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்கீழ் 1995இல் தண்டிக்கப்பட்டார். ஐம்பதாண்டுச் சிறை, மேன்முறையீட்டில் முப்பத்தைந்தாகக் குறைந்தது. சான்று அவரது ஒப்புதல் வாக்குமூலம் ஒன்றே. அது அவருக்கு வாசிக்கத் தெரியாத சிங்களத்தில் எழுதப்பட்டது. அவர் இட்டது பெருவிரல் அடையாளம். வாக்குமூலம் வற்புறுத்தலால் வந்தது என நிறுவும் பொறுப்பும் அவர் தலையிலே சுமத்தப்பட்டது. ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழு 2004இல் இது முறையன்று எனக் கண்டது. அதனைக் காட்டி உயர் நீதிமன்றத்தை நாடியபோது, 2006 செத்தெம்பரில் மன்றம் மறுத்தது. அக்குழுவுக்கு முறையிடும் வழியைச் சனாதிபதி ஏற்றுக்கொண்டதே அரசியலமைப்புக்கு ஒவ்வாது என்றது. கோடீஸ்வரனுக்குச் சம்பள ஏற்றத்தைப் பறித்த மொழி வேற்றுமை இங்கே ஒருவரின் வாழ்நாளையே பற்றிக்கொண்டது.

ஆனால் மறு ஆண்டே, 2007 யூன் 7ஆந் தேதி, கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த தமிழர் முந்நூற்றுக்கு மேற்பட்டோரைப் பொலிசார் விடியற்காலையில் எழுப்பி, பேருந்துகளில் ஏற்றி வவுனியாவுக்கு அனுப்பினர். வைத்தியத்துக்கு வந்தவர், வேலை தேடி வந்தவர், வெளிநாட்டுப் பயண அலுவலாய் வந்தவர். நம்மூரவரும் அவர்களுள் இருந்தனர். அடுத்த நாளே உயர் நீதிமன்றம் இடைக்காலக் கட்டளை பிறப்பித்து அதனைத் தடுத்தது. அதே மன்றம், ஓராண்டு இடைவெளி. ஒன்றைக் காட்டி மற்றதை மறைத்தல் ஆசிரியனுக்கு அழகன்று.

நீதியரசரும் மனிதரே, அவர்க்கும் அச்சமுண்டு. 1983 யூனில், பொலிசாருக்கு எதிராகத் தீர்ப்பளித்த சில நாட்களுக்குள் நீதியரசர் வீடுகளின் முன் காடையர் வந்து கூச்சலிட்டனர். குறைகூறப்பட்ட உத்தியோகத்தருக்கோ பதவி உயர்வு கிட்டியது. 2013 சனவரியில் பிரதம நீதியரசர் சிராணி பண்டாரநாயக்க பாராளுமன்றத்தாற் பதவி நீக்கப்பட்டார். ஆதலின் 2018இல் நடந்ததன் அருமையை இவற்றோடு வைத்தே அளத்தல் வேண்டும்.

அவ்வாண்டு நவம்பர் 9ஆந் தேதி இரவு, சனாதிபதி மைத்திரிபால சிறிசேன வர்த்தமானி அறிவித்தலால் பாராளுமன்றத்தைக் கலைத்தார். 2015 செத்தெம்பரிற் கூடிய பாராளுமன்றம் அது. அன்றிருந்த 70ஆம் உறுப்புரையின்படி, முதற் கூட்டத்திலிருந்து நாலரை ஆண்டு கழியுமுன், உறுப்பினரில் மூன்றிலிரு பங்கினர் கேட்டாலன்றிக் கலைக்கலாகாது. சனாதிபதி தரப்பினர் 33ஆம் உறுப்புரையைக் காட்டினர். பாராளுமன்றத்தைக் கூட்டவும் ஒத்திவைக்கவும் கலைக்கவும் அவருக்கு அதிகாரம் உண்டு என்று அங்கே பொதுவாக எழுதியிருந்தது. எதிர்க்கட்சித் தலைவராயிருந்த இரா. சம்பந்தனும் வேறு பலரும் அடிப்படை உரிமை மனுக்களைத் தாக்கல் செய்தனர். எழுவர் கொண்ட மன்று, திசெம்பர் 13ஆந் தேதி, எழுவரும் ஒரே குரலாய், கலைத்தது செல்லாது எனத் தீர்ப்பளித்தது. பொதுவிதி அதிகாரம் உண்டெனக் கூறும். சிறப்புவிதி அதனை எப்போது, எங்ஙனம் செலுத்தலாம் எனக் கூறும். இரண்டையும் சேர்த்தே படித்தல் வேண்டும் என்பது அத்தீர்ப்பின் வழி. புறனடையை விட்டுப் பொதுவிதியை மட்டும் ஒப்புவிக்கும் மாணவனை நாம் வாங்கின்மேல் ஏற்றி நிறுத்துவோம். 1937இல் தேசாதிபதியிடம் கேட்ட அதே கேள்வியே 2018இல் சனாதிபதியிடம் கேட்கப்பட்டது.

பழைய மாணவராகிய அன்பர்களுக்கு இறுதியாக ஒரு வேண்டுகோள். உங்களுட் சட்டத்தரணிகள் பலர் உளர். நீதிபதிகளாய் இருந்து இளைப்பாறியோரும் உளர். மேலே நாம் கூறிய தீர்ப்புக்கள் ஆங்கிலத்தில் உள. கோடீஸ்வரன் வழக்கின் 1964ஆம் ஆண்டு மாவட்ட நீதிமன்றத் தீர்ப்பையோ, பிரேஸ்கேடில் வழக்குத் தீர்ப்பையோ நமது உயர்தர வகுப்பு மாணவன் கையிலெடுத்துத் தமிழிலே வாசிக்கக் கல்லூரி நூலகத்தில் ஒரு படியும் இல்லை. தமிழுக்காக வாதாடிய வழக்கைத் தமிழிற் படிக்க முடியாதிருப்பது விழா எடுக்கும் நமக்கு நாணந் தருவது. உங்களுள் எவரேனும் ஒரு தீர்ப்பை மொழிபெயர்க்க முன்வந்தால், சொற்றிருத்தமும் அச்சுப்பிழை பார்த்தலும் நம் பொறுப்பு; வெள்ளிக்கிழமை பிற்பகற் பாடவேளையை அதற்கென ஒதுக்கித் தருவதாக அதிபரும் இசைந்துள்ளார்.